வண்ணக் கல்லில் ரப்பர் ஸ்டாம்ப்: எந்த மை என்று சொல்லாமல் விட்டால்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கூழாங்கல்லுக்கு வண்ணம் பூசி அதன்மேல் ரப்பர் ஸ்டாம்ப் பதிப்பது பற்றித் தங்கள் நாளிதழின் கைவினைப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தோம். கல்லைக் கழுவிப் பெயின்ட் அடியுங்கள், ஸ்டாம்ப் பேடில் தொட்டுப் பதியுங்கள், காய்ந்ததும் வார்னிஷ் பூசுங்கள் என்று மூன்றே வரியில் அது முடிந்துவிட்டது. படங்கள் நன்றாகவே இருந்தன. ஆனால் அந்த மூன்று வரியை மட்டும் நம்பி இறங்குகிறவர்களுக்கு, வார்னிஷ் தூரிகை பட்ட மாத்திரத்தில் படம் இழுபட்டுக் கறுப்புக் கறையாகிவிடும். கை நடுங்கிவிட்டது, நமக்கு இதெல்லாம் வராது என்று அவர்கள் தங்களையே நொந்துகொள்வார்கள். கையில் குறையே இருக்காது. எந்த மை, எந்த வார்னிஷ் என்று குறிப்பில் இல்லாததுதான் குறை. இந்த வேலையைக் கற்றுக்கொடுப்பவர்கள் என்ற முறையில் விடுபட்டதை எழுதுகிறோம்.

காகிதம் மையைக் குடிக்கும். அக்ரிலிக் பெயின்ட் பூசிய கல் குடிக்காது. அந்தப் பெயின்ட் காய்ந்தபின் கல்லின் மேல் இருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் படலம். அலுவலக ஸ்டாம்ப் பேடில் இருப்பதோ தண்ணீரும் கிளிசரின் போன்ற உலராத திரவமும் சேர்ந்த சாய மை. பேட் மாதக்கணக்கில் ஈரமாகவே இருக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். காகிதத்தில் அது காய்ந்ததுபோல் தெரிவதற்குக் காரணம், நாருக்குள் இறங்கிவிடுவதுதான். பிளாஸ்டிக் படலத்தில் இறங்க இடமில்லை. அப்படியே மேலே நிற்கும். மறுநாள் தொட்டாலும் விரலில் ஒட்டும். தானே மை தொட்டுக்கொள்ளும் அலுவலக முத்திரைகளிலும் இதே வகை மைதான் இருக்கிறது. அவையும் இதற்கு உதவாது.

கடையில் பார்க்கும்போது எல்லாப் பேடும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வகையை லேபிளில் படித்துத்தான் வாங்க வேண்டும். சாய மை காகிதத்துக்கு உரியது. நுண்ணிய வண்ணத் துகள் கலந்த நிறமி மை சற்றுக் கெட்டியானது, வெயிலில் அவ்வளவு சீக்கிரம் வெளுக்காது. ஆனால் வழவழப்பான பரப்பில் சூடு காட்டாமல் காயாது. ஆவணங்களுக்கென்று விற்கும் அழியாத மை, காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு அசையாது. கல்லில் அதற்கு ஒரு நாளாவது விட வேண்டும், கொஞ்சம் சூடும் காட்டினால் நல்லது. நான்காவது, ஆவியாகும் கரைப்பான் கலந்த மை. ஸ்டேஸ்ஆன் என்ற பெயரில் வருவது இந்த வகை. உறிஞ்சாத பரப்புகளுக்கென்றே செய்யப்பட்டது. சில நிமிடங்களில் காய்ந்து, அக்ரிலிக் படலத்தையும் லேசாகக் கவ்விக்கொள்ளும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் கறுப்பு நிறத்தில் இந்த ஒரு பேடை வாங்கினால் போதும் என்பது எங்கள் கருத்து. வாடை இருக்கும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ள வேண்டும். பேடைத் திறந்து போட்டுவிட்டால் சீக்கிரம் வறண்டுவிடும்.

இனி வார்னிஷ். பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். மை எதில் கரையுமோ அதையே அடிப்படையாகக் கொண்ட வார்னிஷை அதன்மேல் பூசக் கூடாது. தண்ணீரில் கரையும் மையின் மேல் தண்ணீர் கலந்த வார்னிஷைத் தூரிகையால் தேய்த்தால் மை மறுபடி கரைந்து தூரிகையோடு போகும். கரைப்பான் மைக்கு அந்த வார்னிஷால் ஒன்றும் ஆகாது. ஆனால் பெரும்பாலான ஸ்ப்ரே வார்னிஷில் கரைப்பான்தான் இருக்கிறது, அதைத் தாராளமாக அடித்தால் கறுப்புக் கோட்டைச் சுற்றி ஊதா அல்லது சாம்பல் நிறத்தில் ஒரு நிழல் படரும். ஆகவே கரைப்பான் மை என்றால் தண்ணீர் வார்னிஷைத் தூரிகையால் பூசலாம். சாய மையோ நிறமி மையோ என்றால் முதலில் ஸ்ப்ரே. அதுவும் 25 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து, பனி படிவதுபோல் ஒரு சுற்று, 15 நிமிடம் விட்டு இன்னொன்று, பிறகு மூன்றாவது. முதல் சுற்றிலேயே கல் நனைந்து பளபளத்தால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். மூன்று மெல்லிய பூச்சு காய்ந்து மையை மூடிய பிறகுதான் தூரிகை.

இதைச் சோதிக்க நல்ல கல்லைப் பலி கொடுக்க வேண்டியதில்லை. பெயின்ட் அடிக்கும்போதே கல்லின் அடிப்பக்கத்துக்கும் அதே பெயின்டைப் பூசிவிடுங்கள். ஸ்டாம்ப்பின் ஒரு மூலையை மட்டும் அங்கே பதித்து, கரைப்பான் மை என்றால் பத்து நிமிடம், மற்ற மை என்றால் அது காயும் நேரம் கழித்து விரலால் தேய்த்துப் பாருங்கள். பிறகு காது குடையும் பஞ்சுக் குச்சியை நீங்கள் பூசப்போகும் வார்னிஷில் தோய்த்து அதன்மேல் இரண்டு தரம் ஓட்டுங்கள். பஞ்சு வெள்ளையாகவே இருந்தால் மேல்பக்கத்தில் தைரியமாகக் கை வைக்கலாம். மையோ வார்னிஷோ பிராண்டு மாறினால், முன்பு சரியாக வந்தது என்று இந்தச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

கல்லைத் தேர்ந்தெடுப்பதற்கு ஓர் எளிய வழி உண்டு. ஒரு ஸ்கேலைக் கல்லின் மேல் குறுக்கே வைத்துக் கண் மட்டத்தில் தூக்கிப் பாருங்கள். ஸ்கேலுக்கும் கல்லுக்கும் நடுவே வெளிச்சம் தெரியத் தொடங்கும் இடம்வரைதான் மரக்கட்டையில் ஒட்டிய ஸ்டாம்ப் எட்டும். 7, 8 செ.மீ. நீளக் கல்லில் இந்தச் சமமான பகுதி பெரும்பாலும் 3, 4 செ.மீ.தான் தேறும். அதற்குள் அடங்கும் ஸ்டாம்ப்பை எடுப்பது புத்திசாலித்தனம். சொரசொரப்பான, புள்ளிப் புள்ளியாகக் குழி விழுந்த கல் வேண்டாம். மண்போல உதிரும் கல்லும் வேண்டாம். எங்கிருந்து எடுக்கிறோம் என்பதிலும் கவனம் தேவை. பாதுகாக்கப்பட்ட பூங்கா, கடற்கரைகளில் கல் பொறுக்குவதற்குப் பல நாடுகளில் தடை இருக்கிறது.

சோப்பும் பிரஷ்ஷும் போட்டுக் கழுவிய கல்லை ஒரு முழு நாளாவது காயவிட வேண்டும். மேலே உலர்ந்து உள்ளே ஈரம் இருந்தால், வெயில் படும்போது அந்த ஈரம் வெளியே வரப் பார்க்கும். பெயின்ட் கொப்புளம் கட்டும். நீர் உறிஞ்சும் கல் என்றால் பெயின்டுக்கு அடியில் பூசும் பிரைமர் அல்லது ஜெஸ்ஸோ ஒரு பூச்சு. அதன்மேல் அக்ரிலிக், கெட்டியாக ஒன்றுக்குப் பதில் மெல்லியதாக இரண்டு அல்லது மூன்று. தூரிகைத் தடம் மேடு பள்ளமாக நின்றால் ஸ்டாம்ப் மேட்டில் மட்டும் பதியும், பள்ளத்தில் வெள்ளைக் கீற்று விழும். எனவே கடைசிப் பூச்சை ஸ்பான்ஜால் ஒற்றி எடுக்கலாம். அல்லது காய்ந்தபின் 400, அடுத்து 600 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் தூசியைத் துடைத்துவிடலாம். பளபளப்பான பெயின்டைவிட மினுமினுப்பில்லாத மேட் பெயின்ட் நல்லது. பளபளப்பில் ஸ்டாம்ப் வழுக்கி இரட்டைக் கோடு விழும். கையில் இருப்பது பளபளப்புப் பெயின்ட்தான் என்றால் அதன்மேல் மேட் மீடியம் ஒரு பூச்சு கொடுத்தால் பிடிப்பு வந்துவிடும்.

அவசரம் காட்டக் கூடாத இடம் ஒன்று உண்டு. அக்ரிலிக் அரை மணியில் காய்ந்ததுபோல் இருக்கும், விரலில் ஒட்டாது. ஆனால் உள்ளே இன்னும் இளக்கமாகவே இருக்கும். அந்த நேரத்தில் ஸ்டாம்ப்பை அழுத்தினால் அது பெயின்டைக் கவ்வி, எடுக்கும்போது தோலாக உரித்துக்கொண்டு வரும். பெயின்ட் பூசிய கற்களை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் ஒட்டிக்கொள்வதும் இதே காரணத்தால்தான். ஒரு நாள் விடுங்கள். ஈரக்காற்று என்றால் இரண்டு நாள்.

ஸ்டாம்ப்பில் மூன்று வகை புழக்கத்தில் உண்டு. மரக்கட்டையில் ஒட்டிய சிவப்பு ரப்பர், கட்டை இல்லாத வெறும் ரப்பர், கண்ணாடிபோன்ற பாலிமர். கல்லுக்குக் கட்டை தோது இல்லை. வளைவில் அது வளையாது. வெறும் ரப்பரின் பின்னால் பழைய மவுஸ் பேடிலிருந்து வெட்டிய 3 மி.மீ. நுரையை ஒட்டினால், அழுத்தும்போது நுரை அமுங்கி, ஓரங்கள் கல்லின் வளைவோடு இறங்கும். பாலிமர் ஸ்டாம்ப் தானாகவே வளையும், நிழலுருவம் தெரிவதால் இடம் பார்த்து வைக்கவும் வசதி. ஆனால் புதிதாக எடுத்த பாலிமரில் மை முத்து முத்தாகத் திரளும். பென்சில் அழிக்கும் ரப்பரால் அதன் முகத்தை ஒருமுறை தேய்த்துவிட்டால் அந்த வழவழப்பு போய்விடும். கரைப்பான் மையைப் பாலிமரில் தொடர்ந்து பயன்படுத்தினால் நாளடைவில் அது மங்கும், கெடும். அதற்குச் சிவப்பு ரப்பரே ஏற்றது.

அழிப்பான் கட்டியில் நாமே செதுக்கும் ஸ்டாம்ப்பைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. கல்லுக்கு அதைவிட இணக்கமான பொருள் கிடையாது. தடிமன் இருப்பதால் நன்றாக அமுங்கும், எளிய இலை, மீன், நட்சத்திரம் போன்ற உருவங்கள் கச்சிதமாக விழும். வேலை முடிந்ததும் அதைப் பெயின்ட் பூசிய கல்லின் மேலேயே வைத்துவிட்டுப் போய்விடக் கூடாது. பிளாஸ்டிக் அழிப்பானில் இருக்கும் இளக்கிப் பொருள் பெயின்டையும் இளக்கி, அழிப்பான் அதோடு ஒட்டிக்கொண்டுவிடும்.

பதிக்கும் முறைக்கு வருவோம். கல் ஆடக் கூடாது. மடித்த துணியிலோ, களிமண் உருண்டையிலோ அமர்த்துங்கள். ஸ்டாம்ப்பைப் பேடில் குத்தி அழுத்தாமல், ஸ்டாம்ப்பைத் திருப்பி வைத்து அதன் முகத்தில் பேடால் நாலைந்து தடவை மெல்லத் தட்டுங்கள். மை கோடுகளில் மட்டும் இருக்க வேண்டும், பள்ளத்தில் தேங்கக் கூடாது. சமமான கல்லில் நேராக இறக்கி, ஒரு நொடி அழுத்தி, நேராகத் தூக்க வேண்டும். வளைந்த கல்லில் நடுவில் வைத்து, இரு பக்கமும் கட்டைவிரல்களால் ஓரம் நோக்கி ஒரே ஒருமுறை அழுத்திக்கொண்டு போக வேண்டும். திரும்பி வரக் கூடாது. கல் 5 செ.மீ.க்கும் சிறியது என்றால் தலைகீழாகச் செய்யுங்கள்: மை தொட்ட ஸ்டாம்ப்பை மேசையில் முகம் மேலே பார்க்க வைத்து, கல்லை அதன்மேல் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு உருட்டி எடுங்கள். உருண்டைக் கல்லுக்கு இதைவிட நல்ல வழி இல்லை.

பதிந்த படத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் தவறு எங்கே என்று அதுவே சொல்லிவிடும். கோட்டின் இரு விளிம்பும் கறுப்பாக, நடுவில் வெளிறி இருந்தால் அழுத்தம் அதிகம். மை ஓரத்துக்குப் பிதுங்கிவிட்டது. கோடு முழுவதும் புள்ளி புள்ளியாக இருந்தால் மை குறைவு, அல்லது பெயின்டின் மேல் கை எண்ணெய் படிந்திருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் இரட்டைக் கோடு என்றால் தூக்கும்போது சாய்ந்திருக்கிறது. விளிம்பில் மெல்லிய முடிபோல மை ஓடியிருந்தால் உப்புத்தாள் போட்ட கீறல் ஆழமாகிவிட்டது. மை அந்தக் கீறல் வழியே ஓடுகிறது. சிறு வட்டங்கள் அடைத்துக்கொண்டால் அந்த ஸ்டாம்ப்பே கல்லுக்கு ஒத்துவராது, காகிதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து ஸ்டாம்ப்புகளில் இது அடிக்கடி நடக்கும். தமிழ் எழுத்துகளைச் செய்யக் கொடுக்கும்போது உயரம் 8 மி.மீ.க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குறைந்தால் ண, ஞ ஆகியவற்றின் சுழிகள் மையால் அடைபட்டுக் கறுப்புப் பொட்டாகத் தெரியும்.

மைக்குப் பதில் அக்ரிலிக் பெயின்டையே ஸ்டாம்ப்பில் தொட்டுப் பதிக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பதிக்கலாம். கல்லில் இருப்பதும் அதே பொருள் என்பதால் பிடிப்பு உறுதி, காய்ந்தபின் எந்தத் தண்ணீர் வார்னிஷும் அதை அசைக்காது. கறுப்புக் கல்லில் வெள்ளைப் படம் வேண்டுமென்றால் இதுதான் சரி. ஆனால் நுண்ணிய கோடுள்ள ஸ்டாம்ப்புகள் எடுபடாது, தடித்த உருவங்கள் மட்டுமே வரும். பெயின்டைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, முகப்பூச்சு ஸ்பான்ஜால் தொட்டு ஸ்டாம்ப்பில் ஒற்ற வேண்டும். வேகமாக உலர்ந்தால், காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டரை ஓரிரு சொட்டு கலக்கலாம். ஸ்டாம்ப்பை உடனுக்குடன் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டுவிட வேண்டும். பள்ளங்களில் காய்ந்துவிட்டால் பிறகு பல் பிரஷ்ஷாலும் எடுப்பது கடினம்.

தவறாகப் பதிந்துவிட்டால்? சாய மையோ நிறமி மையோ ஈரமாக இருக்கும்போதே ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். கரைப்பான் மையை ஸ்பிரிட் தொட்டுத் துடைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள், செய்யாதீர்கள். ஸ்பிரிட் அடியிலுள்ள அக்ரிலிக்கையும் சேர்த்து இளக்கி, கறுப்பும் வண்ணமும் கலந்த குழம்பாக்கிவிடும். காயவிட்டு, அதே அடிவண்ணத்தை இரண்டு பூச்சு கொடுத்து மறைத்து மறுநாள் பதிப்பதுதான் சுத்தமான வழி.

மேடு பள்ளமான கல்லை விட மனசில்லை என்றால் கல்லில் பதிக்கவே வேண்டாம். மெல்லிய வெள்ளை டிஷ்யூ தாளில், தண்ணீருக்குக் கரையாத மையால் பதித்துக் காயவிடுங்கள். கத்தரிக்கோலால் வெட்டினால் விளிம்பு கல்லில் கோடாகத் தெரியும். படத்தைச் சுற்றி ஈரத் தூரிகையால் ஒரு கோடிழுத்து மெல்லக் கிழித்தால் நார் நாராக விளிம்பு வரும், ஒட்டியபின் கண்ணுக்குப் புலப்படாது. கல்லில் டெகுபாஜ் பசையை (தாளை ஒட்டவும் அதன்மேல் பூசவும் பயன்படும் பசை) மெல்லியதாகப் பூசி, தாளை வைத்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு மென்மையான தூரிகையால் தட்டித் தட்டி ஒட்டுங்கள், தேய்த்தால் கிழியும். காய்ந்தபின் மேலே இன்னொரு பூச்சு. அடிவண்ணம் வெள்ளையோ மிக வெளிறிய நிறமோ ஆக இருக்க வேண்டும். அடர்ந்த நிறத்தில் தாள் மூடுபனிபோல வெளுத்துத் தெரிந்துவிடும்.

பதித்த மை ஈரமாக இருக்கும்போதே எம்பாஸிங் பொடி (சூட்டில் உருகி மேடாக நிற்கும் பொடி) தூவி, ஹீட் கன் என்ற சூடுகாற்றுக் கருவியால் உருக்குவதும் கல்லில் முடியும். கோடு தூக்கலாகப் பளபளக்கும். கல் சூட்டை இழுத்துக்கொள்வதால் காகிதத்தைவிட நேரம் பிடிக்கும். பெயின்ட் முழுதாக இறுகாமல் இருந்தால் குமிழ் விடும். கழுவி நன்றாகக் காயாத கல்லுக்கு இந்தச் சூடு காட்டவே கூடாது. உள்ளே சிக்கிய ஈரம் ஆவியானால் கல் விரிசல் விடலாம். சூடான கல் வெகுநேரம் சூடாகவே இருக்கும், குழந்தைகளிடம் இந்த வேலையைக் கொடுக்க வேண்டாம்.

படத்துக்குள் வண்ணம் நிரப்ப விரும்பினால் வரிசையை மாற்றிப் பாருங்கள். முதலில் வண்ணத் திட்டுகளைப் பூசிக் காயவிட்டு, கறுப்புக் கோட்டுப் படத்தை மேலே பதியுங்கள். வண்ணம் கோட்டை மீறியிருந்தாலும் பார்க்க அழகாகவே இருக்கும். கோட்டைப் பதித்த பிறகுதான் நிரப்புவேன் என்றால், தண்ணீர் வகை பெயின்ட் மார்க்கரைப் பயன்படுத்துங்கள். ஆல்கஹால் மார்க்கரின் முனை கரைப்பான் மையைக் கரைத்து எடுத்துக்கொள்ளும். கோடும் கெடும், மார்க்கரும் கெடும்.

வெளியே வைக்கும் கல்லுக்கு இரண்டு விஷயம். சாய மை வெயிலில் வெளுத்துவிடும், வார்னிஷால் அதை முழுதாகக் காப்பாற்ற முடியாது. நிறமி கலந்த மை அல்லது அக்ரிலிக்தான் தாக்குப்பிடிக்கும். அடுத்து, மேல்பக்கத்துக்கு மட்டும் வார்னிஷ் பூசி அடிப்பக்கத்தை விட்டுவிடுகிறார்கள். மண்ணில் கிடக்கும் கல் அடியிலிருந்துதான் தண்ணீரை இழுக்கிறது. அந்த ஈரம் மேலே வந்து படலத்தைத் தூக்கிவிடும். எல்லாப் பக்கமும் பூச்சு வேண்டும். மழை நாளில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள்; காற்றிலுள்ள ஈரம் சிக்கிப் பால்போல வெளுத்துவிடும்.

ஸ்டாம்ப்பைச் சுத்தம் செய்யும்போது மண்ணெண்ணெய், டர்பன்டைன் பக்கம் போகாதீர்கள்; ரப்பர் உப்பி உருவம் மாறிவிடும். தண்ணீர் மைக்கு மென்மையான சோப்பும் பழைய பல் பிரஷ்ஷும் போதும். கரைப்பான் மைக்கு அந்த மையோடு விற்கும் கிளீனர். சிவப்பு ரப்பரில் லேசான கறை தங்கினால் பரவாயில்லை, அடுத்த படத்தில் அது இறங்காது. பாலிமர் ஸ்டாம்ப்புகளை அவற்றுடன் வந்த பிளாஸ்டிக் தாளிலேயே ஒட்டி, வெயில் படாத பெட்டியில் வையுங்கள். வெளிச்சத்தில் கிடந்தால் மஞ்சளாகி விறைத்துப் போகும்.

இப்படிக்கு,
கல் ஓவியம் கற்பிப்போர் சிலர்